கரியேட்டிற் புரதம் பிணைத்தல்

பென்சிலினுள் இருக்கும் கிராபைட்டு என்னும் கரியை நாமனைவரும் அறிவோம். அது ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பெற்ற எண்ணிறந்த மெல்லேடுகளால் ஆயது. அவற்றுள் ஓரணுப் பருமனேயுள்ள தனியேட்டை 2004-ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையில் ஆந்திரே கெயிம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் பசைநாடாவினாற் பிரித்தெடுத்தனர். கிராபீன் என்பது அதன் பெயர். இவ்வாராய்ச்சிக்காக அவ்விருவரும் 2010-இல் பௌதிக நோபெல் பரிசு பெற்றனர்.

இவ்வேட்டின் அணுக்கள் யாவும் மேற்பரப்பிலேயே இருத்தலின், மின்னூட்டமுடைய பொருளொன்று அருகணையின், அதிற் பாயும் மின்னோட்டம் மாறுபடும். இவ்வியல்பு கொண்டு நோயை விரைவில் அறியுங் கருவி செய்யலாமென அறிஞர் துணிந்தனர். ஆயின் வந்தது கிருமியோ பிறிதொன்றோ எனக் கிராபீன் தானே இனம் பிரித்தறியாது. ஒரு பொருளை மட்டுமே தேர்ந்து பற்றும் புரதம் அதற்குத் துணையாதல் வேண்டும். உடலிலுள்ள நோயெதிர் புரதங்கள் அத்தகையன. அவற்றைக் கரியேட்டிற் பிணைப்பது எங்ஙனம் என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தோம்.

வெறுமனே படியவிடின் புரதம் உருக்குலைந்து தன் தொழிலை இழத்தல் கூடும். கழுவுங்கால் அகன்றுவிடவுங் கூடும். இரசாயனப் பிணிப்பால் நேரே இறுகக் கட்டினாலோ, ஏட்டின் அணுக்கோப்புச் சிதைந்து மின்னோட்டம் தடைப்படும். இவ்விரு கேட்டிற்கும் நடுவழியாக அமைந்தது பைரீன் என்னும் பொருள். அது நான்கு கரிவளையங்கள் சேர்ந்த தட்டை வடிவினது; கிராபீனும் அத்தகைய அறுகோண வளையங்களால் ஆயதே. ஆதலின் பைரீன் தட்டோடு தட்டாக ஏட்டில் ஒட்டிக்கொள்ளும், அணுக்கோப்பினைக் குலையாது. அதனோடு சேர்த்தமைத்த கொளுவி புரதத்தின் அமைன் தொகுதியைப் பற்றும். எஞ்சிய வெற்றிடங்களை வேற்றுப் பொருள்கள் ஒட்டாவண்ணம் மூடிவிடுவர். 2020-ஆம் ஆண்டில் தென்கொரிய ஆராய்ச்சியாளர் இம்முறையாலேயே கொரோனாக் கிருமியின் மேற்புரதத்தை உணரும் கருவியைச் செய்து காட்டினர்.

இன்னும் ஒரு தடையுண்டு. குருதியிலுள்ள உப்பின் அயனிகள் மின்னூட்டத்தைச் சூழ்ந்து மறைத்தலின், ஏட்டிலிருந்து ஏறக்குறைய 1 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள மின்னூட்டம் செவ்வனே உணரப்படாது. நோயெதிர் புரதமோ ஏறக்குறைய 10 நானோமீட்டர் நீளமுடையது. அதன் நுனியிற் பற்றப்பட்ட பொருளை ஏடு உணர்தல் அரிது. ஆதலின் உப்புக் குறைந்த நீரிற் சோதிப்பதும், புரதத்தின் பற்றும் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பிணைப்பதும் கையாளப்படுகின்றன.

ஏட்டினைத் தந்தது பௌதிகம். கொளுவியைத் தந்தது இரசாயனம். புரதத்தைத் தந்தது உயிர்நூல். இம்மூன்றையும் வெவ்வேறு வகுப்பறைகளிற் பயிலும் நம் மாணவர், அவை ஒன்று கூடுமிடத்தே நோயாளிக்கு நலம் விளைதலை உணர்வாராக.