கைக்கடிகாரத்துக்கு ஐந்து வாசல்! காவல்காரன் யார் தெரியுமா?

குள்ளஞ்சாவடியில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் நெய்வேலி வந்துவிடும். அங்கே பூமியைத் தோண்டி, பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு அந்தச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

நிலக்கரிக்கு அடியில் என்ன இருக்கிறது?

தண்ணீர்! சும்மா கிடக்கும் தண்ணீர் அல்ல. மேலே பீறிட்டு வரத் துடிக்கும் தண்ணீர். பம்புகள் இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும்.

தண்ணீரின் குணமே அதுதான். சின்ன இடுக்கு கிடைத்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். கையில் கட்டும் கடிகாரத்துக்கும் அதே ஆபத்துதான்!

கல்யாணத்தில் மாமனார் போட்ட கடிகாரம். முதல் சம்பளத்தில் வாங்கிய கடிகாரம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அது துருப்பிடித்து நின்றுபோனால் மனம் பதறாதா?

மூன்றா, ஐந்தா?

சாதாரணக் கடிகாரத்தில் தண்ணீர் நுழைய மூன்று வாசல்கள் உண்டு. கண்ணாடியின் ஓரம் ஒன்று. பின்மூடி ஒன்று. முள்ளைத் திருப்பும் சாவி ஒன்று.

“குரோனோகிராப்” என்று ஒரு வகை கடிகாரம் உண்டு. மணியும் காட்டும், ஓட்டப் பந்தயத்துக்கு வினாடிக் கணக்கும் காட்டும். இதில் சாவிக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான் இருக்கும். ஆகவே, இதற்கு ஐந்து வாசல்!

இத்தனை வாசலுக்கும் காவல்காரன் யார்? ஒரு சிறிய வளையம்தான்! பின்மூடியிலும் சாவியிலும் பொத்தான்களிலும் இருப்பது ரப்பர் வளையம். கண்ணாடி ஓரத்தில் சில கடிகாரங்களில் பிளாஸ்டிக் வளையம் இருக்கும்.

கடலை வென்ற கடிகாரம்

1926ஆம் ஆண்டு ரோலக்ஸ் கம்பெனி தண்ணீர் புகாத கடிகாரம் ஒன்றைச் செய்தது. அதற்கு “ஆயிஸ்டர்” என்று பெயர். ஆயிஸ்டர் என்றால் சிப்பி! அதன் சாவியைத் திருகி இறுக்கிவிடலாம்.

மறு ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் அதை அணிந்துகொண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். 10 மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த கடலில் இருந்தார். அவர் வெளியே வந்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது!

நம் தமிழ்நாடும் சளைத்ததல்ல. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன் கம்பெனி 2002ஆம் ஆண்டு “எட்ஜ்” என்ற கடிகாரத்தை வெளியிட்டது. அதன் கனம் மூன்றரை மில்லிமீட்டர்தான்! அத்தனை மெல்லிய கடிகாரத்திலும் தண்ணீருக்குத் தடை போட்டிருந்தார்கள்.

30 மீட்டர் என்றால் என்ன?

கடிகாரத்தின் பின்னால் “30 மீட்டர்” என்று எழுதியிருக்கும். அதை நம்பி, 30 மீட்டர் ஆழக் கிணற்றில் குதித்துவிடாதீர்கள்! அது சோதனைச் சாலையில் போட்டுப் பார்த்த அழுத்தத்தின் கணக்கு.

30 மீட்டர் என்றால் முகம் கழுவலாம்; மழைத் தூறலில் நடக்கலாம். நீந்துவதற்கு 100 மீட்டர் கடிகாரம் வேண்டும். கடலுக்குள் மூழ்கி வேலை செய்பவர்களுக்கு 200 மீட்டர் வேண்டும். பின்னால் எதுவுமே எழுதவில்லையா? தண்ணீர் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. அந்த எழுத்து புதுக் கடிகாரத்துக்குத்தான். எழுத்து அழியாது, ஆனால் ரப்பர் கிழடாகிவிடும்! வெயில், வியர்வை, சோப்பு, வெந்நீர், சென்ட் எல்லாம் அதற்குப் பகை. நாளடைவில் அது காய்ந்து வெடித்துவிடும்.

செய்ய வேண்டியது என்ன?

சாவியை எப்போதும் உள்ளே தள்ளி வையுங்கள். திருகுச் சாவியாக இருந்தால் நன்றாகத் திருகிவிடுங்கள். ஈரத்தில் சாவியை இழுக்கக் கூடாது. தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தவும் கூடாது. அழுத்துவது வாசலைத் திறந்து விடுவதைப் போல!

வெந்நீரில் குளிக்கும்போது கழற்றி வையுங்கள்.

நீந்துவதற்கு ஏற்ற கடிகாரத்தோடு கடலூர் கடற்கரையில் குளித்தீர்களா? வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். உப்பு தங்கினால் ரப்பரையும் உலோகத்தையும் கெடுக்கும்.

பாட்டரி மாற்றும்போதுதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பின்மூடியைத் திறந்து மூடும்போது பழைய வளையம் நசுங்கி விலகலாம். “புது வளையம் போடுங்கள், சிலிக்கோன் பசை தடவுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். காற்றழுத்தத்தால் சோதிக்கும் கருவி சில கடைகளில் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை சோதிப்பது நல்லது.

கண்ணாடிக்குள் பனி படர்ந்ததா? அரிசிப் பானையில் புதைத்து வைத்துக் காத்திருக்காதீர்கள். மூடிய கடிகாரத்துக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது. அதற்குள் துரு வேலையைத் தொடங்கிவிடும். அன்றைக்கே கடிகாரக் கடைக்குக் கொண்டு போங்கள்.

வளையத்தின் விலை சொற்பம். அதை மாற்றத் தவறினால் போவது கடிகாரம் அல்லவா?