ஏலமலைச் சரிவில் பாம்புக்கடியும் செவிலியரின் குருதி உறைதல் மதிப்பீடும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர், செடியின் அடித்தூரில் தரையை ஒட்டிக் கிளைக்கும் சரங்களிலிருந்தே காய் பறிக்கின்றனர். மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த ஹிப்னேல் எனும் சிறு குழிவிரியன் மறைந்து வாழ்வதும் மேற்குத்தொடர்ச்சி மலையின் இத்தகைய இலைச்சருகுகளிலேதான். ஆகவே இப்பகுதியில் குருதி உறைதல் மதிப்பீட்டைப் பாம்புக்கடியிலிருந்து பிரித்துப் பார்த்தல் பொருந்தாது.

விரியன் நஞ்சு உறைதற் காரணிகளைச் செலவழித்துவிடும். ஈறு, ஊசி குத்திய இடம், சிறுநீர் ஆகியவற்றில் குருதி தென்படுகிறதா என்பதே செவிலியரின் முதல் நோக்கு. அடுத்தது இருபது நிமிட முழுக்குருதி உறைதற் சோதனை. 2 மி.லி. சிரைக்குருதியைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசைக்காது வைத்துப் பின்னர்ச் சாய்த்துப் பார்ப்பர். நெகிழிக் குழாயிலோ சோப்பு எச்சம் படிந்த குழாயிலோ நலமான குருதியும் உறையாததுபோல் தோன்றக்கூடும். எளிய சோதனைதான், எனினும் பிழை குழாயிலேயே தொடங்கிவிடும். முதன்முறை உறைந்துவிட்டால் அமைதி கொள்ளலாகாது. நடுவணரசின் சிகிச்சை நெறிமுறை முதல் 3 மணிநேரம் மணிக்கொருமுறையும், பின்னர் 24 மணிநேரம்வரை 6 மணிக்கொருமுறையும் மீளச் சோதிக்கச் சொல்கிறது. நஞ்சுமுறி செலுத்தியபின் 6 மணிநேரம் காத்திருப்பதற்குக் காரணம், கல்லீரல் ஃபைப்ரினோஜனை மீள உருவாக்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் கொள்வதே.

மலைக்குரிய சிக்கல் வேறு. இந்திய நஞ்சுமுறி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கே உரியது. குழிவிரியன் அதில் அடங்கவில்லை. மருந்தளித்த பின்னும் குருதி உறையாதிருப்பின், கடித்த பாம்பு எது என்னும் ஐயத்தைச் செவிலியர் குறிப்பேட்டில் பதிந்து, அடுத்த அளவு மருந்து செலுத்தப்படுமுன் மருத்துவருக்கு உணர்த்துதல் வேண்டும். அக்கடியில் சிறுநீரகமும் செயலிழக்கக்கூடுமாதலால், மணிதோறும் சிறுநீரின் அளவும் அதே ஏட்டில் இடம்பெறுதல் வேண்டும்.