மரபணுவும் காதும்: தலையெழுத்து பற்றி ஒரு பதில்

'எல்லாம் ஜீன்லயே எழுதியிருக்கு தோழர், நாம என்ன பண்ண முடியும்?' பிறவியிலேயே காது கேளாத ஒரு குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் இப்படிச் சொன்னார். தலையெழுத்தை நம்பாத மனிதர். தலையெழுத்து எழுந்து போன இடத்தில் ஜீன் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவருக்கான பதில் இது.

முதலில் மரபணுவின் பங்கை ஒத்துக்கொண்டுவிடலாம். உட்காதின் நத்தைச்சுருளில் ஒலியதிர்வை மின்துடிப்பாக மாற்றும் வேலை மயிர்ச்செல்களுடையது. மனிதக் காது ஒன்றில் இவை சுமார் 15,000. 'அட்டோ1' என்ற ஒரே ஒரு மரபணுவை நீக்கிவிட்டால் சுண்டெலிக் கருவில் இவை உருவாவதே இல்லை என்று 1999இல் நிரூபித்தார்கள்.

சரி, செல்லும் நரம்பும் முளைத்துவிட்டால் போதுமா? பிறந்து சுமார் 12 நாள் வரை சுண்டெலிக் குட்டிக்குக் காது கேட்பதில்லை. அந்த நிசப்த நாட்களில் நடப்பதுதான் முக்கியமானது. மயிர்ச்செல்களுக்குப் பக்கத்திலுள்ள துணைச்செல்கள் ஏடிபி என்ற வேதிப்பொருளைத் தாமாகவே வெளிவிடுகின்றன. அதனால் அருகருகே உள்ள மயிர்ச்செல்கள் ஒன்றுசேர்ந்து துடிக்கின்றன. துடிப்பு நரம்புவழியே மூளைக்குப் போகிறது. வெளியே சத்தமே இல்லை, உள்ளே ஒத்திகை நடக்கிறது. 2007இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. சேர்ந்து துடிக்கும் இழைகளின் இணைப்புகள் இறுகுகின்றன, மற்றவை தளர்கின்றன. ஆக, மரபணு கம்பி இழுத்துக் கொடுக்கிறது. எந்த இணைப்பு நிலைக்கும் என்பதில் அந்தக் கம்பியில் ஓடும் துடிப்புக்கும் பங்கு உண்டு.

ஒலியே வராத மூளையில் அந்த இடம் தரிசாகக் கிடக்கிறதா? இல்லை. பிறவியிலேயே கேளாத ஒருவர் சைகைமொழியைப் பார்க்கும்போது அவரது மூளையின் செவிப்புலப் பகுதியில் ஓரிடம் இயங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் பதிவு செய்தார்கள். காதுக்கென்று இருந்த இடத்தில் மொழி கைவழியாக வந்து குடியேறியிருக்கிறது.

இந்தக் குடியேற்றத்தைத் தடுத்தது யார்? 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, கேளாதோர் பள்ளிகளில் சைகைமொழி கூடாது, வாய்ப்பேச்சுதான் என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டில் பெரும்பான்மையோர் காது கேட்பவர்கள். 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடுதான் அதற்கு வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளை எந்த ஜீனும் எழுதவில்லை.

அந்தக் குழந்தைக்குச் சத்தம் எட்டாமல் போனதற்கு ஒரு மரபணு காரணமாக இருக்கலாம், தோழர். ஆனா சைகைமொழி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட அதை இதுவரைக்கும் யாராவது கூட்டிட்டுப் போனீங்களா?