தராசு சொல்லாத கணக்கு

சோமனூர் வட்டாரத்தில் தராசுக்கு என்றுமே மரியாதை உண்டு. பாவும் ஊடை நூலும் வாங்கிவந்து கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக்காரருக்கு, வந்த நூலின் எடையும் போகும் துணியின் எடையும் ஒத்துவர வேண்டும். ஆனால் பஞ்சு நூலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. மழைக்காலத்தில் கனக்கும், கோடையில் இளைக்கும். உலர்ந்த பஞ்சு 100 கிலோவுக்கு ஈரம் 8.5 கிலோ என்று வணிகத்தில் ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள்.

தராசு காட்டும் எடையில் நூல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்ற இந்தக் கேள்வி மனித உடம்புக்கும் பொருந்தும். உடம்பின் எடையில் கொழுப்பு எவ்வளவு? வெறுங்காலுடன் ஏறி நின்றால் அதையும் சதவிகிதமாகக் காட்டும் எடைக் கருவிகள் இன்று வீடுகளுக்கே வந்துவிட்டன. அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இரண்டு டாக்டர்கள்

முதலில், கொழுப்பைத் தனியே அளப்பானேன்? 2004-ம் ஆண்டில் ‘லான்செட்’ என்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு படம் வெளியாயிற்று. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் அதில் சேர்ந்து நிற்கிறார்கள். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் எக்ஸ்ரே முறையில் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாக்னிக்குக்கு 21.2 சதவிகிதம்!

பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியரிடம் இது அதிகம் என்பது யாக்னிக் கண்ட உண்மை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. நீரிழிவுக்கு வழி திறக்கிறது. “எனக்கென்ன, நான் ஒல்லிதானே!” என்று இருப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

கருவியின் சூட்சுமம்

வீட்டுக் கருவி கொழுப்பை நேரே அளப்பதில்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு, நமக்குத் தெரியாத அளவு சிறு மின்சாரத்தைச் செலுத்துகிறது. நீர் மிகுந்த தசையில் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பில் தடைப்படும். அந்தத் தடையோடு உயரம், வயது, ஆணா பெண்ணா என்பவற்றையும் சேர்த்து, கொழுப்பு இவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறது.

ஆகவே உடம்பின் நீர் மாறினால் கணக்கும் மாறும். வியர்க்க வியர்க்க வேலை செய்துவிட்டு ஏறினால் ஒரு எண்; வயிறாரச் சாப்பிட்டு ஏறினால் வேறொரு எண். பஞ்சு நூலின் கதையேதான்!

காலையில் எழுந்து, மலஜலம் கழித்து, எதுவும் உண்ணாமல், ஈரமில்லாத பாதங்களுடன் ஏறுவது நல்லது. கருவி சமமான கெட்டித் தரையில் இருக்கவேண்டும். ஒருநாள் எண்ணைக் கண்டு கலங்கவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். ஒரே கருவியில் வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்து, சில மாதங்களில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கவனிப்பதே பயன். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறலாகாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நலம்.

தையல்காரர் நாடா

கருவி வாங்க வசதியில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. தையல்காரரின் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்கிறார்கள் மருத்துவர்கள். எல்லையைத் தாண்டியவர், எடை குறைவாயிருந்தாலும், ரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது கடமை.

ஊராருக்கெல்லாம் துணியை அளந்து கொடுக்கும் ஊர், தன் இடுப்பையும் ஒருமுறை அளந்து பார்த்தால் என்ன?