மன்னிப்பு வேற, சமாதானம் வேற: ஸ்ரீபெரும்புதூர் கேட்கும் ஒரு பழைய கேள்வி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். கம்பெனி பஸ், பாதித் தூக்கம், காதில் இயர்போன். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போது ராஜீவ் காந்தி நினைவிடமும் கடந்துபோகும். யாரும் போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. 1991 மே 21 இரவு அங்கே குண்டு வெடித்தபோது அந்த பஸ்ஸில் இருக்கும் பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள். நானும்தான்.

அந்த இரவோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொரு நாள் இருக்கிறது. 2008 மார்ச் 19. பிரியங்கா காந்தி வேலூர் பெண்கள் சிறைக்குப் போய், தன் அப்பாவின் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த நளினியைச் சந்தித்தார். கேமரா இல்லை, பிரஸ் மீட் இல்லை. விஷயம் வெளியே வந்ததே ஏப்ரலில்தான். அப்போது பிரியங்கா சொன்னது இதுதான்: இது முழுக்கத் தனிப்பட்ட சந்திப்பு, தான் சந்தித்த வன்முறையோடும் இழப்போடும் சமாதானமாவதற்கு தனக்குத் தெரிந்த வழி. 2018ல் சிங்கப்பூரில் பேசிய ராகுல் காந்தி, தானும் தங்கையும் கொலையாளிகளை முழுமையாக மன்னித்துவிட்டதாகச் சொன்னார்.

சரி, மன்னிச்சாச்சு. அதோட மேட்டர் முடிஞ்சுதா?

முடியவில்லை. நளினிக்கு முதலில் விதிக்கப்பட்டது தூக்கு. 1999ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சோனியா காந்தி கருணை கேட்ட பிறகு, 2000ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் உட்பட ஆறு பேரை விடுவித்தது. நீதிமன்றம் பார்த்தது சிறையில் அவர்களின் நடத்தை, கழித்த ஆண்டுகள், தமிழக அமைச்சரவையின் 2018 பரிந்துரை ஆகியவற்றைத்தான். நளினியோ, கொலைத் திட்டம் தனக்கு முன்கூட்டியே தெரியாது, தான் நிரபராதி என்றே சொல்லி வருகிறார். நீதிமன்றத் தீர்ப்பு வேறு மாதிரி இருக்கிறது.

ஆக, ஒரு பக்கம் ‘மன்னித்துவிட்டோம்’ என்கிறது. மறுபக்கம் ‘நான் செய்யவில்லை’ என்கிறது. இதற்குப் பெயர் சமாதானமா?

பைபிள் யாரை முதலில் எழுப்புகிறது?

காந்தி குடும்பத்தினர் மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது மத வார்த்தை எதையும் பயன்படுத்தவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை இரண்டாயிரம் வருடமாக விடாமல் கிளறிக்கொண்டிருக்கும் ஒரு மரபு கிறிஸ்தவம். தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இதற்கு இரண்டு நல்ல சொற்கள் உண்டு. ஒன்று ‘மனந்திரும்புதல்’. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் ‘மெட்டனோயா’வுக்கு, அதாவது மனம் மாறுவதற்கு, தமிழில் வந்த சொல். இன்னொன்று ‘ஒப்புரவு’. திருக்குறளின் 22வது அதிகாரமான ‘ஒப்புரவறித’லில் இது ஊருக்கு உதவுவதைக் குறிக்கும். கிறிஸ்தவர்கள் கையில் அது முறிந்த உறவைச் சரிசெய்வதாக மாறியது. கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்தையே இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்றுதான் சொல்கிறார்கள்.

மத்தேயு நற்செய்தியில் இயேசு ஒரு சூழ்நிலையைச் சொல்கிறார். நீங்கள் காணிக்கையோடு பலிபீடத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள். உங்கள் மேல் ஒருவருக்குக் குறை இருப்பது ஞாபகம் வருகிறது. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய், முதலில் அவரோடு ஒப்புரவாகுங்கள், பிறகு வந்து செலுத்துங்கள் என்கிறார். இதில் பலர் கவனிக்காத ஒன்று: எழுந்து போக வேண்டியவர் காயப்பட்டவர் இல்லை, காயப்படுத்தியவர்.

நம்ம ஊரில் இது தலைகீழ். வீட்டிலோ ஆபீஸிலோ சண்டை வந்தால், அடிபட்டவரிடம்தான் போய் ‘விடுப்பா, பெரிய மனசு பண்ணு’ என்போம். அடித்தவர் குரூப்பில் ஒரு ‘சாரி’ ஸ்டிக்கர் போட்டால் போதும்.

அதே சமயம், சிலுவையில் தொங்கியபடி இயேசு, யாரும் மன்னிப்புக் கேட்காதபோதே, தன்னைக் கொல்கிறவர்களுக்காக மன்னிப்பு வேண்டியதாக லூக்கா எழுதுகிறார். அதே லூக்காவில், தவறு செய்தவர் மனம் வருந்தினால் மன்னியுங்கள் என்ற அறிவுரையும் இருக்கிறது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று இறையியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குப் பிடிபட்டவரை, மன்னிப்பை ஒருவர் தனியாகக் கொடுத்துவிட முடியும். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும்.

வருத்தம் கையில் தெரியணும்

மனந்திரும்பியதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இடத்தில் லூக்கா ரொம்ப பிராக்டிகல். ‘நாங்கள் என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்டவர்களுக்கு யோவான் ஸ்நானகன் பதில் சொல்கிறார். வரி வசூலிப்பவர்களிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரர்களிடம், மிரட்டிப் பணம் பறிக்காதே. எல்லாமே அவரவர் வேலையில் மாற்ற வேண்டியது. வரி வசூலித்துப் பணக்காரரான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். அழுததாக லூக்கா எழுதவில்லை. கணக்கைத்தான் எழுதியிருக்கிறார்.

இந்த வழித்தடத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது, மதம் சம்பந்தமில்லாதது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. விடுதியும் உணவுக்கூடமும் சரிசெய்யப்படும்வரை சம்பளம் தொடரும் என்று அறிவித்தார்கள். 2022 ஜனவரியில் ஆலை திறந்தது. மனந்திரும்புதல் என்று அதற்குப் பெயர் வைக்க நான் தயாரில்லை. பிசினஸ் நெருக்கடியும் இருந்தது. ஆனால் வெறும் சாரிக்கும், அறையைச் சரிசெய்யும் சாரிக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிகிறது.

கொலையாளிக்கு ராக்கி

இரண்டு பக்கமும் நகர்ந்த ஒரு சம்பவம் மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. கேரளாவின் புல்லுவழியைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியா, உதய்நகரில் பழங்குடி மக்களைக் கடன், சுரண்டல் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர். அது அங்கிருந்த பெரும்புள்ளிகளுக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25, இந்தூர் போகும் பஸ்ஸில் அவரைக் குத்திக் கொன்றார் சமந்தர் சிங் என்ற இளைஞர். ஆயுள் தண்டனை கிடைத்தது.

2002ல் ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியாஸ்திரீ, சிறைக்குப் போய் சமந்தர் சிங் கையில் ராக்கி கட்டினார். கன்னியாஸ்திரீ கையில் ராக்கி, அதுவும் அக்காவைக் கொன்றவருக்கு! அடுத்து, குடும்பமே அவருடைய விடுதலைக்காக மனு கொடுத்தது. 2006ல் வெளியே வந்தார். வந்தவர் ஊரில் ஒதுங்கிவிடவில்லை. புல்லுவழிக்குப் போய் பெற்றோரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா, தன் மகளைக் கொன்ற கைகளைப் பிடித்து முத்தமிட்டார். பிறகு ராணி மரியாவின் கல்லறைக்குப் போய் வருவது அவருக்கு வழக்கமானது. 2017 நவம்பர் 4 அன்று ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

இங்கே சமந்தர் சிங் ‘நான்தான் செய்தேன்’ என்றார். வேலூர் சிறைச் சந்திப்பில் இல்லாமல் போனது அந்த ஒரு வாக்கியம். நளினி நிரபராதி என்றால் அவரால் அதைச் சொல்லவும் முடியாது. அதுதான் சிக்கல்.

யாருக்காக யார் மன்னிப்பது?

மன்னிப்பு என்றதும் ‘அப்போ தண்டனை வேண்டாமா’ என்ற கேள்வி வரும். 1999ல் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். ஆனால் மன்னிப்பையும் குற்றத்துக்கான விளைவையும் போட்டுக் குழப்பக் கூடாது என்றும் சொன்னார். சட்டம் அதன் வேலையைச் செய்தது.

தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் இன்னொரு வழி பிடித்தது. பொதுமன்னிப்பு கேட்பவர் செய்ததை முழுசாகச் சொல்ல வேண்டும். வருத்தம் தெரிவிப்பது கட்டாயமில்லை. வருத்தத்தை நடிக்கலாம், உண்மையைச் சரிபார்க்கலாம் என்பது அதில் ஒரு வசதி. ஆனால் கொல்லப்பட்டவர்கள் சார்பில் மன்னிக்க அரசுக்கு என்ன உரிமை என்று சில குடும்பங்கள் கோர்ட்டுக்கே போயின.

அந்தக் கேள்வி ஸ்ரீபெரும்புதூருக்கும் பொருந்தும். அன்று இறந்தது ராஜீவ் மட்டும் இல்லை. பாதுகாப்புக்கு நின்ற போலீஸார், கட்சிக்காரர்கள் எனப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பிரியங்கா தன் இழப்புக்காக மட்டுமே வேலூர் போனார், மற்றவர்கள் சார்பில் பேசவில்லை. 2022ல் விடுதலையான பிறகு, குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்தவர்களுக்காக வருந்துவதாக நளினி சொன்னார். அந்த இரவு பணியில் இருந்து படுகாயமடைந்த பெண் போலீஸ் அதிகாரி ஒருவர், இந்த விடுதலையைக் கடைசிவரை பகிரங்கமாக எதிர்த்தார்.