பேன் பார்க்கும் உறவும் மூளையும்



கரீபியன் கடலில், போர்ட்டோ ரிக்கோ கரையருகே கயோ சாண்டியாகோ என்றொரு குட்டித் தீவு. அங்கே வாழ்பவை ரீசஸ் குரங்குகள். 1938-ல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோய் விடப்பட்ட சுமார் 400 குரங்குகளின் வாரிசுகள் இவை.

குரங்குகளின் நட்பு, பேன் பார்ப்பதில் தெரியும். எந்தக் குரங்கு எத்தனை பேருக்குப் பேன் பார்க்கிறது, யார் யார் அதற்குப் பார்க்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அவற்றின் மூளையையும் ஸ்கேன் செய்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. பேன் பார்க்கும் துணைகள் அதிகமுள்ள குரங்குகளுக்கு மூளையின் இரண்டு பகுதிகள் பெரிதாக இருந்தன. ஒன்று, எதிரில் இருப்பவரின் முகத்தையும் அசைவையும் பார்த்து அடுத்து என்ன செய்வார் என்று கணிக்க உதவும் பகுதி. மற்றொன்று, உணர்வுகளோடு தொடர்புடைய இன்சுலா.

இந்த முடிவு வெளியாவதற்கு முன்பே, 2017-ல் மரியா சூறாவளி அந்தத் தீவைத் தாக்கியது. மரங்கள் சாய்ந்தன, நிழல் அரிதானது. சண்டை பெருகும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் குரங்குகளோ முன்பைவிட நெருங்கி உட்கார்ந்தன. புதிய துணைகளைத் தேடிக்கொண்டன. இருந்த நிழலைப் பகிர்ந்துகொண்டன.

யாரோடு சேர்வது, யாருக்கு இடம்கொடுப்பது என்பதும் மூளை எடுக்கும் முடிவுதான். அந்த முடிவில்தான் உயிர் தழைக்கிறது.