அழுகும் பழத்தில் வாழும் ஈ நோயில் சாகாதது ஏன்?

அலோர் காஜா பழக்கடைகளில் கனிந்து கருத்த வாழைப்பழத்தைப் பொடி ஈக்கள் மொய்க்கும். பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்டிய அதிலேயே தின்று, முட்டையிடும் ஈ எப்படிப் பிழைக்கிறது?

அதன் உடலில் இரண்டு எச்சரிக்கைப் பாதைகள் உண்டு. பூஞ்சை நுழைந்தால் 'டோல்' பாதை விழிக்கும். கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா என்றால் 'ஐ.எம்.டி.' பாதை. செய்தி உயிரணுவின் உட்கருவை எட்டியதும் மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன. சில மணி நேரத்தில் கொழுப்புத் திசு கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கிறது: பூஞ்சைக்கு டிரோசோமைசின், பாக்டீரியாவுக்கு டிப்டெரிசின்.

1996இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, டோல் பழுதான ஈக்களுக்குப் பூஞ்சையைத் தொற்றவைத்தது. அவை மடிந்தன, உடல்மீது பூஞ்சை இழைகள் முளைத்தன. டோலை ஒத்த புரதங்கள் நம் உடலிலும் கிருமிகளை அடையாளம் காண்கின்றன. ஹாஃப்மன் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனித நோயெதிர்ப்பின் முதல் படியைப் புரிந்துகொள்ள வழிகாட்டியது இந்தச் சிற்றுயிர்தான்.